எலி வளையும் நமது கிடங்கும்



நம் தொழிலில் எலியைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. சாக்கைக் கடித்துவிட்டது, மூட்டைக்கு இத்தனை கிலோ சேதாரம், இந்த மருந்து கேட்கிறது, அந்த மருந்து கேட்கவில்லை என்று பேசிக்கொண்டே இருப்போம். எலி என்றால் நமக்கு நஷ்டக் கணக்கில் ஒரு வரி. ஆனால் அதே எலிக்குப் பின்னால் உயிர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பிளேக் என்னும் கொள்ளை நோயின் கணக்கு அது. அந்த நோயின் சொந்த வீடு எது, அங்கிருந்து அது எப்படி வெளியே வருகிறது, எப்படித் திரும்ப உள்ளே போய் ஒளிகிறது, இதில் வியாபாரிகளாகிய நமது பங்கு என்ன என்பதை எழுத எண்ணினோம். எழுதத் தூண்டியது எங்கள் கிடங்கில் நடந்த ஒரு தவறு. அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

1994-ல் நாங்கள் செய்தது

1994 செப்டம்பர் மாதக் கடைசியில் குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் என்ற செய்தி வந்தது. லட்சக்கணக்கான மக்கள் அந்த ஊரைவிட்டு ஓடினார்கள். வெளிநாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின, இந்தியச் சரக்கைத் திருப்பின. இங்கே சேலம் கடைவீதியிலும் பயம் பிடித்துக்கொண்டது. வடக்கேயிருந்து பருப்பு லாரி வந்தால் பக்கத்தில் போக ஆள் இல்லை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் எடை போட்டார்கள்.

அப்போது தகப்பனார் கல்லாவில் இருந்தார். கொள்முதலும் கிடங்கும் சகோதரர்கள் எங்கள் இருவர் பொறுப்பு. அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை மேஸ்திரி வந்து, "முதலாளி, பின் அடுக்கு ஓரத்துல அஞ்சு எலி செத்துக் கெடக்குதுங்க. நாம மருந்து ஒண்ணும் வைக்கலீங்களே?" என்றார்.

விஷயம் வெளியே போனால் கடைவீதியே மூடிவிடும் என்று எங்களுக்குத் தோன்றியது. தீபாவளி வியாபாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "சத்தம் போடாதீங்க மேஸ்திரி. அள்ளிக் கொண்டுபோய் எரிச்சிடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டோம். அவர் வெறுங்கையால் அள்ளிக் கொண்டுபோனார்.

மறுநாள் மாலை மேஸ்திரிக்குக் காய்ச்சல். டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஆனால் கிடங்கில் எலி செத்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லவில்லை. அன்றிரவு எங்கள் இருவருக்கும் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள்தான் பக்கத்துக் கிடங்கில் எலி மருந்து வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. மேஸ்திரிக்கு வந்ததும் சாதாரணக் காய்ச்சல்தான். ஒரு வாரத்தில் வேலைக்கு வந்துவிட்டார்.

தகப்பனாருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் திட்டவில்லை. "எலி தானாச் செத்தா ஊரைக் கூப்பிடணும்னு உங்க பாட்டனார் சொல்லுவார். நீங்க ரெண்டு பேரும் ஊருக்குத் தெரியாம எரிச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் அன்று எங்களுக்கு முழுதாக விளங்கவில்லை. இந்த நோயைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் விளங்கியது.

28 ஆண்டுகள் எங்கே இருந்தது?

1894-ல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது, அலெக்சாண்டர் யெர்சின் என்ற மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896-ல் கப்பல் வழியாக நோய் பம்பாய்க்கு வந்தது. முதலில் தலைகாட்டிய இடம் மாண்ட்வி. துறைமுகத்தை ஒட்டிய, தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. அங்கிருந்து சரக்கு போன வழியெல்லாம் நோயும் போயிற்று. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் 1 கோடிக்கும் அதிகமான மக்கள் மாண்டார்கள். நமது சேலமும் கோயமுத்தூரும் தப்பவில்லை. கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

பிறகு நோய் மெல்ல அடங்கியது. 1966-ல் கர்நாடகத்தின் கோலார் பகுதியில் மனிதருக்கு வந்ததோடு நின்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 28 ஆண்டுகள் கழித்து 1994-ல் மறுபடி வந்தது. இடையில் எங்கே இருந்தது?

வயலிலும் காட்டிலும் இருக்கும் எலி வளைகளுக்குள் இருந்தது என்பதே பதில். பிளேக் அடிப்படையில் மனிதனின் நோயே கிடையாது. நம் கிடங்கு எலியின் நோய் என்றுகூடச் சொல்ல முடியாது. அது காட்டு எலிகள், தரை அணில்கள் போன்ற வளை தோண்டும் பிராணிகளின் நோய். நம் நாட்டில் வயல்வெளிகளில் வாழும் வெள்ளெலிதான் இதன் முக்கியக் காப்பிடம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெள்ளெலிகளில் பல, நோயைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கும். ஆகவே கிருமி அழியாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மனிதர் யாருக்கும் தெரியாது. கிடங்கு எலிக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. நோய் தொற்றினால் கூட்டமாகச் செத்து விழும்.

தெள்ளுப்பூச்சி செய்யும் வேலை

ஓர் எலியிடமிருந்து இன்னோர் எலிக்கு இதைக் கொண்டுபோவது தெள்ளுப்பூச்சி. இதை முதலில் சோதனையில் காட்டியவர் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், 1898-ல் கராச்சியில். அன்று பலரும் நம்பவில்லை. பின்னர் ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்தன.

நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடித்த தெள்ளுவின் தொண்டைக்குக் கீழே கிருமி பெருகி அடைத்துக்கொள்கிறது. குடித்த இரத்தம் வயிற்றுக்குப் போவதில்லை. பசி அடங்காத தெள்ளு திரும்பத் திரும்பக் கடிக்கிறது. கடிக்கும்போதெல்லாம் அடைத்த கிருமியில் கொஞ்சம் கடிபட்ட உடலுக்குள் போகிறது.

எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கி வேறு உடல் தேடும். எலி கிடைக்காவிட்டால் மனிதன். இதனால்தான் எலிகள் செத்து விழுந்த சில நாள் கழித்து மனிதர்களுக்கு நெறி கட்டிக் காய்ச்சல் வருகிறது. வளைக்குள் குளிர்ச்சியும் ஈரமும் இருப்பதால் அங்கே தெள்ளு உணவில்லாமலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். தெள்ளுவின் புழு தூசியிலும் தானியச் சிதறலிலும் வளரும். எலியே ஏறாத சாக்கு மூட்டையிலும் தெள்ளு ஏறிப் பயணம் போகும். இந்த இரண்டையும் நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

தெள்ளுவிலும் வகை உண்டு. சென்னைத் துறைமுகத்தில் எத்தனையோ கப்பல் வந்தும் அந்த நகரம் பெருமளவு தப்பியது. அங்கே எலிகளின் மேல் அதிகம் இருந்தது பிளேக்கைச் சரிவரப் பரப்பாத வேறு வகைத் தெள்ளு என்பதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

தோல் விலை ஏறியபோது

வளைக்குள் இருக்கும் நோயை வெளியே கொண்டுவருவது எது? பல நேரம் வியாபாரம்தான். இதற்கு மஞ்சூரியாவில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மங்கோலியாவிலும் மஞ்சூரியாவின் எல்லைப் புல்வெளிகளிலும் தார்பகான் என்றொரு பிராணி உண்டு. பெரிய தரை அணில் இனம். அதன் வளைகளில் பிளேக் நெடுங்காலமாக இருந்துவந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த வேட்டைக்காரர்களுக்கு இது பழக்கம். மந்தமாக நடக்கும், கூப்பிட்டால் ஓடாத தார்பகானை அவர்கள் தொட மாட்டார்கள்.

1910-க்குச் சற்று முன்பு ஐரோப்பாவில் இதன் தோலுக்குச் சாயம் ஏற்றி, விலை உயர்ந்த தோல் போல விற்கத் தொடங்கினார்கள். தோல் விலை மளமளவென்று ஏறியது. ஆயிரக்கணக்கான புது ஆட்கள் வேட்டைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழைய விதி தெரியாது. ஓடாத பிராணி சுலபமாகக் கிடைக்கிறதே என்று நோயுற்றதையும் பிடித்துத் தோலுரித்தார்கள். குளிருக்காக நெருக்கியடித்த சத்திரங்களில் படுத்தார்கள். நோய் நுரையீரலுக்கு ஏறியது. பிறகு இருமலே போதும், தெள்ளு தேவையில்லை. ரயிலில் அவர்கள் ஊர் திரும்ப, 1911 வசந்தத்துக்குள் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். அதைக் கட்டுப்படுத்தியவர் பினாங்கில் பிறந்த ஊ லியன் டே என்ற மருத்துவர். முகத்துக்குத் துணிக் கவசம், நோயாளிகளைப் பிரித்து வைத்தல், ரயிலை நிறுத்துதல், பிணங்களை எரித்தல் ஆகியவற்றால் சில மாதங்களில் நோயை அடக்கினார்.

புது ஆட்களின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஒரு சரக்கின் விலை ஏறும்போது, அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அதன் பின்னால் ஓடுவதை நாம் எந்தச் சந்தையிலும் பார்த்திருக்கிறோம்.

மறைத்தவர்களின் கணக்கு

வியாபாரம் நோயை வளைக்குள் கொண்டுபோய் விட்ட கதையும் உண்டு. 1900 மார்ச் மாதம் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ துறைமுக நகரில், சீனர்கள் வாழும் பகுதியில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. ஜோசப் கின்யூன் என்ற அரசு மருத்துவர் சோதனை செய்து உறுதியாகச் சொன்னார். ஆனால் கலிபோர்னியாவின் பழங்களும் மற்றச் சரக்குகளும் வெளியே போகாமல் நின்றுவிடுமே என்று வியாபாரிகள் பயந்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. ஹென்றி கேஜ் என்ற ஆளுநரே நோய் இல்லை என்று மறுத்தார். கின்யூன் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். கடைசியில் மற்ற மாநிலங்கள் கலிபோர்னியாவையே ஒதுக்கிவைப்போம் என்று எச்சரித்த பிறகுதான் வியாபாரிகள் வழிக்கு வந்தார்கள். எந்த நஷ்டத்துக்குப் பயந்து மறைத்தார்களோ, அதே நஷ்டம் வட்டியோடு வாசலில் வந்து நின்றது.

1907-ல் நோய் மறுபடி வந்தபோது, ரூபர்ட் புளூ என்ற மருத்துவர் எலி ஒழிப்பில் இறங்கினார். அந்த முறை வியாபாரிகளே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். நகரம் சுத்தமாயிற்று. ஆனால் 1908-ல் நகரத்துக்கு வெளியே தரை அணில்களில் பிளேக் இருப்பது தெரிந்தது. நகரத்து எலியிடமிருந்து காட்டுப் பிராணிக்கு அது தாவிவிட்டது.

அதன் பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. தரை அணில், காட்டு எலி, புல்வெளி நாய் என்று அழைக்கப்படும் வளை அணில் எனப் பரவி, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேரூன்றிவிட்டது. நோய் புகுந்தால் புல்வெளி நாய்களின் ஒரு முழுக் குடியிருப்பே காலியாகிவிடும். அந்த நாட்டில் இன்றும் ஆண்டுக்குச் சராசரியாக ஏழு பேருக்கு பிளேக் வருகிறது. அத்தனை பணமும் மருத்துவ வசதியும் உள்ள நாட்டாலும் வளைக்குள் போனதை வெளியே எடுக்க முடியவில்லை.

முதல் நாளிலேயே உண்மையை ஒப்புக்கொண்டிருந்தால் இது நடந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் மறைத்த ஒவ்வொரு மாதமும் நோய்க்குக் கிடைத்த அவகாசம். கிடங்கில் எலியை எரிக்கச் சொன்ன எங்களுக்கு இந்தக் கதையைப் படித்தபோது சுருக்கென்று தைத்தது.

நம் பக்கத்து வளைகள்

அமெரிக்கா தூரத்தில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கர்நாடகத்தின் கோலார், ஆந்திராவின் சித்தூர், நமது கிருஷ்ணகிரி ஆகிய மூன்றும் சேரும் எல்லைப் பகுதி, பிளேக் வளைகளில் வாழும் இடமாக அறியப்பட்டது. பெங்களூரில் மத்திய அரசின் பிளேக் கண்காணிப்புப் பிரிவு உண்டு. அங்கிருந்து ஆட்கள் போய் வயல் எலிகளைப் பிடித்து, இரத்தம் எடுத்துச் சோதித்து வந்திருக்கிறார்கள். மனிதருக்கு நோய் இல்லாத காலத்திலும் எலிகளின் இரத்தத்தில் அது வந்துபோன தடயம் கிடைத்திருக்கிறது. ராகியும் புளியும் நிலக்கடலையும் நமக்கு வரும் பாதை அதுதான். இதற்காக அந்த ஊர்ச் சரக்கைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை. கண்காணிப்பு எதற்காக என்று தெரிந்திருந்தால் போதும்.

1994-ல் நடந்ததன் தொடக்கமும் இப்படியொரு வயல்வெளிதான். 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டியத்தின் லாத்தூர் பகுதியில் பெரிய பூகம்பம். பக்கத்துப் பீட் மாவட்டத்திலும் மக்கள் வீட்டுக்குள் படுக்கப் பயந்து வெளியே தங்கினார்கள். உள்ளே தானியம் கேட்பாரற்றுக் கிடந்தது. எலி பெருகியது. வயல் எலியின் நோய் வீட்டு எலிக்கு வந்தது. 1994 ஆகஸ்டில் மாம்லா என்ற கிராமத்தில் எலிகள் செத்து விழுந்தன, தெள்ளுக்கடி தாங்க முடியவில்லை என்று மக்கள் சொன்னார்கள். அடுத்த மாதம் நெறி கட்டிய காய்ச்சல் வந்தது. சூரத்தில் நுரையீரல் பிளேக் வந்ததும் அதே செப்டம்பரில்தான். நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2002-ல் இமாசலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில் வேட்டைக்குப் போன ஒருவர் காட்டுப் பூனையைத் தோலுரித்தார். அவருக்கு நோய் வந்து, அவரிடமிருந்து உறவினர்களுக்குப் பரவியது. 16 பேருக்கு நோய் கண்டு 4 பேர் இறந்தார்கள். உடனே கண்டுபிடித்து மருந்து கொடுத்ததால் அதோடு நின்றது.

பாட்டனார் சொன்னது

எங்கள் பாட்டனார் காலத்தில் எலி செத்து விழுந்தால் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே காட்டில் கொட்டாய் போட்டுத் தங்கும். கடையும் அங்கேதான். மழையோ குளிரோ, சில மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். இதை அம்மனுக்குப் பயந்த பழக்கம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் அது தெள்ளுவைப் பட்டினி போடும் வழி. எலியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் வீட்டில் உள்ள தெள்ளு செத்துவிடும். கிருமி, தெள்ளு என்ற பேச்சே தெரியாதவர்கள் பட்டறிவால் சரியாகச் செய்தார்கள். அவர்கள் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். எலி செத்ததை முதலில் பார்த்தவன் ஊருக்குச் சொன்னான்.

கிடங்கில் செய்ய வேண்டியவை

மருந்து வைக்காமல், காரணம் தெரியாமல் இரண்டு மூன்று எலிகள் செத்துக் கிடந்தால் கையால் தொடக் கூடாது. ஆட்களை அந்தப் பக்கம் விடாமல், நகராட்சி அல்லது மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தகவல் தர வேண்டும். அவர்கள் வந்து எடுத்துச் சோதிப்பார்கள். எரித்துவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

அந்த நேரத்தில் அவசரப்பட்டு எலி மருந்து வைப்பது பெரிய தவறு. எலிகள் மொத்தமாகச் செத்தால் தெள்ளுகள் மொத்தமாக இறங்கி ஆளைத் தேடும். முதலில் தெள்ளுவுக்கு மருந்து, அதன் பிறகே எலிக்கு மருந்து. இந்த வரிசை மாறக் கூடாது. உணவுச் சரக்கு இருக்கும் இடமாகையால் தெள்ளு மருந்தை நாமாகப் போடாமல் சுகாதாரத் துறையினரைக் கொண்டே போட வேண்டும்.

மற்ற நாட்களில் மூட்டைகளைச் சுவரை ஒட்டாமலும், தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேலும் அடுக்க வேண்டும். அடுக்குக்கு அடியில் சேரும் தூசியையும் சிதறலையும் வாரம் ஒரு முறையாவது கூட்டி அள்ள வேண்டும். காலிச் சாக்குகளை மூலையில் குவித்து வைக்காமல் வெயிலில் உலர்த்தி உதற வேண்டும். கிடங்கில் பூனை வளர்ப்பவர்கள், செத்த எலியை அது வாயில் கவ்வி வருவதைக் கவனிக்க வேண்டும். பூனைக்கும் இந்த நோய் வரும்.

ஆட்களில் யாருக்காவது திடீர்க் காய்ச்சலோடு தொடை இடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ வலியுடன் நெறி கட்டினால் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். எலி செத்தது உண்டானால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளால் இந்த நோய் குணமாகும். ஆனால் நாள் கடத்தக் கூடாது. மருந்து இல்லாமல் விட்டால் நெறி பிளேக் வந்தவர்களில் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை இறந்துவிடுவார்கள். நுரையீரல் பிளேக்காக மாறினால் பிழைப்பது அரிது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எலி செத்தது என்று ஒரு கடைக்காரர் துணிந்து சொன்னால், அவர் கடையை ஒதுக்கிவைக்கும் வேலையை நாம் செய்யக் கூடாது. அவர் சொன்னது நம் எல்லோருக்காகவும்தான். அப்படிச் சொன்னவருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வது சங்கத்தின் கடமை. சொன்னால் நஷ்டம் என்ற நிலை இருக்கும்வரை, 1994-ல் நாங்கள் செய்ததைத்தான் ஒவ்வொருவரும் செய்வார்கள்.

எங்கள் மேஸ்திரி வயதாகி வேலையிலிருந்து நின்றுவிட்டார். பொங்கலுக்கு வேட்டி துண்டு வாங்கிப் போக ஆண்டுதோறும் வருவார். அந்த மூன்று நாளும் நாங்கள் என்ன பயத்தில் இருந்தோம் என்பதைச் சென்ற பொங்கலுக்குத்தான் அவரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட நானே சொல்லியிருப்பேனுங்களே முதலாளி" என்றார். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.